என் மகள்மேல் நான் கட்டிய பிராது

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்து கோணல்மாணலாகப் போகும். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லிவிடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று எழுதியதை இன்று எடுத்துப் படித்தால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. நாலு பேர் கூடியிருந்தாலே வாய் திறக்காதவள் நான். முன்பின் தெரியாதவர்கள் படிக்கிற பத்திரிகைக்கு எழுத ரொம்பக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும், விருத்தாசலத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று நீங்கள் போட்டிருந்ததை என் தங்கை தனம் போனில் படித்துக் காட்டினாள். வெளிநாடு போனவள் என்றால் நானும்தானே.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் என்ற ஊருக்கு நான் வந்து இந்த மாதத்தோடு ஒன்பது வருடம் ஆகிறது. என் மகள் சுமதி இங்கே நர்ஸ். நாற்பது முடிந்துவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அவள் அப்பா இறந்த பிறகு என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்த வருடம் ஒரே வாரத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதில் நான் குறுக்கே புகுந்து ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டில் பகலில் குக்கர் விசில் அடிக்காது. இதை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். சுமதிக்கு மாதத்தில் பாதி நாள் ராத்திரி டூட்டி. காலையில் எட்டு மணிக்கு வந்து, கருப்புத் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுப்பாள். அப்போதிலிருந்து நான் சத்தம் போடாமல் வாழ வேண்டும். பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேக வைப்பேன். மிக்ஸி போடமாட்டேன். தனத்தோடு பேச வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வயதான காலத்தில் திருடி மாதிரி நடக்கக் கற்றுக்கொண்டேன்.

இவ்வளவு செய்தும் அவள் தூங்குவதில்லை. மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் எழுந்து வந்து, கண் சிவந்துபோய், அடுப்படியில் நின்றுகொண்டே தண்ணீர் குடிப்பாள்.

நாங்கள் பேசிக்கொள்வது அதிகமும் சீட்டில்தான். ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுப் போவாள். முதல் இரண்டு வருடம் தமிழில் எழுதினாள். பிறகு தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். எனக்கு இங்கிலீஷில் பஸ் நம்பர் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஒரு நாள் கேட்டேன், "ஏன்டி, தமிழ்ல எழுதினா கையா வலிக்குது?" என்று. "அவசரத்துல அதுதான்ம்மா வருது," என்றாள். அதற்குப் பிறகு சீட்டில் படம் போடுகிறாள். மாத்திரைக்கு ஒரு வட்டம், சாப்பாட்டுக்கு ஒரு தட்டு. வேலை செய்யும் இடத்தில் அவளைச் 'சூ' என்று கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் காக்காயைத்தான் அப்படி விரட்டுவோம். அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

3

அவளுக்கு வேலை வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

அப்போது நான் விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிற செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். சூளையிலிருந்து வந்த சாமானைப் பெட்டியில் வைக்கோல் வைத்து அடுக்குகிற வேலை. அடுக்கும் முன் ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இங்கே ஒரு பெரிய கடையில் டீ குடிக்கிற கோப்பை வாங்கப் போனபோது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைப் பெண் ஓடி வந்துவிட்டாள். சுமதி அவளிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, "ம்மா, இங்க ஒடைஞ்சிருந்தா திருப்பிக் குடுத்துக்கலாம். தட்டாத," என்றாள். முகம் சிவந்துபோயிருந்தது.

சுமதி நர்ஸிங் முடித்தபோதும் இப்படித்தான் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்று சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. இன்னொன்று பாண்டிச்சேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அவள் அப்பா, "அவ இஷ்டம்," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான்தான் சொன்னேன். "பாண்டிக்கே போ. ஞாயித்துக்கிழம காலையில பஸ்ஸு ஏறினா மத்தியானச் சோத்துக்கு வூட்டுக்கு வந்துடலாம்."

சரி என்று போனாள். முதல் இரண்டு மாதம் ஞாயிறுதோறும் வந்தாள். பிறகு டூட்டி, டூட்டி என்று மாதத்துக்கு ஒரு முறை வந்தாள். அவளோடு படித்த கம்மாபுரத்துப் பெண் ராணி, சென்னைக்குப் போனவள், மூன்று வருடத்தில் வெளிநாடு போய்விட்டாள். சுமதிக்கு அது பதினோரு வருடம் ஆனது. நான் பாண்டிக்குப் போகச் சொன்னதைப் பற்றி அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் எனக்குப் பாரம்.

4

இந்த வருடம் மே மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். சுமதி டூட்டியில் இருந்தாள். புகை வந்து கூரையில் இருக்கிற மணி கத்த ஆரம்பித்தது. எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து நாற்காலி போட்டு ஏறி நிறுத்தினார். அவரிடம் நான் "தேங்க்யூ" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். வேறு சொல் தெரியாது.

மறு வாரம் சுமதி என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஞாபக சக்தி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு பரீட்சை வைத்தார்கள். மகள் பதில் சொல்லிக் கொடுத்துவிடுவாள் என்று அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். அந்த அம்மா இலங்கைத் தமிழ்.

"அம்மா, நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?"

"நீங்க கதை ஒண்ணும் சொல்லலியே," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார்.

"டொக்டர் கேக்கிறார், இப்ப என்ன காலம் எண்டு?"

எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. காலையில்தான் தனம் போனில் புலம்பியிருந்தாள். "கத்திரி வெயிலு," என்றேன்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "அம்மா, இங்க இப்ப குளிர் தொடங்குது. நீங்க ஸ்வெட்டர் போட்டிருப்பீங்கள் எண்டு நினைக்கிறன்."

குனிந்து பார்த்தேன். போட்டிருந்தேன். அதையும் டாக்டர் எழுதிக்கொண்டார்.

கடைசியில் சுமதியை உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். ஒன்றும் பெரிதாக இல்லையாம், ஆரம்பமாம். ஆனால் ராத்திரி நேரத்தில் என்னைத் தனியாக விடாமல் இருந்தால் நல்லதாம். டிராமில் வீடு திரும்பினோம். இறங்கும்போது சுமதி என் கையைப் பிடித்து இறக்கினாள். அது வரைக்கும் நான் தனியாகத்தான் இறங்குவேன்.

5

அவள் இருந்த வார்டை வேறொரு வார்டோடு சேர்க்கப் போகிறார்கள் என்று முன்பே பேச்சு இருந்தது. அதனால் ஊர் நடுவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருந்தாள். அங்கே ஷிஃப்டுக்கு இன்சார்ஜ் வேலை. அவளுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு நர்ஸுகள் இருப்பார்கள். இங்கே வந்த நாளிலிருந்து அவள் எதிர்பார்த்த வேலை அது. ஆனால் ராத்திரி டூட்டி உண்டு. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு இன்னொரு இடத்துக்கும் எழுதிப் போட்டாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு டிராம் நிறுத்தம் தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டயாலிசிஸ் பிரிவு. பகல் வேலை மட்டும்தான், ஞாயிறு விடுமுறை. ஆனால் சாதாரண நர்ஸ் வேலை, பத்து வருடம் முன்னால் பார்த்த வேலையேதான்.

இது எனக்குத் தெரிந்த அன்றைக்கு நான் தனத்துக்குப் போன் செய்தேன். கொளஞ்சியப்பர் கோயிலில் ஒரு பிராது கட்டச் சொன்னேன்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். அந்தக் கோயில் கோர்ட்டு மாதிரி. நம் குறையை ஒரு தாளில் மனுவாக எழுதி, பேர் விலாசம் போட்டு, சாமி முன்னால் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வர வேண்டும். தொண்ணூறு நாளைக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பார்கள். காரியம் முடிந்ததும் மறுபடி போய், பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பேர்.

"பிராதா? யார் மேலக்கா?" என்றாள் தனம்.

"யார் மேலயும் இல்ல. சுமதிக்கு அந்தச் சின்ன ஆஸ்பத்திரி வேல கெடைக்கணும்."

"பெரிய ஆஸ்பத்திரின்னு சொன்னியே, அது வாணாமா?"

"அதுல ராத்திரி டூட்டி."

"அவளுக்கு வாணாமா, ஒனக்கு வாணாமா?"

நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து விட்டேன்.

"என்னாக்கா, கொழாத் தண்ணி சத்தம் கேக்குது?"

"குளிக்கிற ரூம்புல இருந்து பேசறேன். அவ தூங்கறா."

"அவ்ளோ தூரம் பிளேனு ஏறிப் போயி, குந்திப் பேசறதுக்கு அங்க ஒரு எடம் கெடைக்கல பாரு ஒனக்கு," என்றாள்.

போனில் நான் சொல்லச் சொல்ல மனுவை எழுதிக்கொண்டு, மறு வாரம் போய்க் கட்டிவிட்டு வந்தாள். எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை கிலோமீட்டர் என்று கோயிலில் கேட்டு, அந்தக் கணக்குக்குத்தான் பணம் வாங்குவார்களாம். "நான் நம்ம வூட்டு விலாசத்தையே குடுத்துட்டேன். மெல்போர்னுன்னு சொன்னா அவங்க கூட்டிப் பாத்து முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்," என்றாள். நான் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

6

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் இரண்டு வேலையும் வந்துவிட்டன. முதலில் சின்னது, மூன்றாம் நாள் பெரியது. பத்து நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சுமதி பெரிய ஆஸ்பத்திரிக் கடிதத்தை மட்டும் தாளில் எடுத்து வைத்திருந்தாள். சாப்பிடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்வாள். படிப்பாள், மடிப்பாள், மறுபடி பிரிப்பாள். எனக்கு அதில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் அவள் முகம் படிக்கத் தெரியும். பாண்டிக்குக் கிளம்பிய அன்று பையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றாளே, அதே முகம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிராது என்பது எதிராளி மேல் கட்டுவது. நான் என் மகள் மேலேயே கட்டியிருக்கிறேன். அதுவும் இரண்டாம் தடவை.

குளியலறைக்குப் போய்த் தனத்துக்குப் போன் போட்டேன்.

"தனம், அந்தப் பிராத வாபஸ் வாங்கிடு."

"என்னாக்கா வெளையாடறியா? வேல வந்துடுச்சு இல்ல? வந்ததுக்கு ராஜினாமா பண்ணலாம். வாணாம்னு எப்பிடிப் பண்றது? அவரு என்ன நம்ம பஞ்சாயத்துத் தலைவரா, போயி மாத்திச் சொல்லிட்டு வர?"

"கேட்டது தப்பாப் போச்சுன்னு சொல்லு."

"நீ வந்து சொல்லு. நீ கட்டச் சொன்ன, நான் கட்டினேன். எனக்கு சாமிகிட்ட மாத்திப் பேச வாய் வராது." பிறகு அவளே சொன்னாள். "அக்கா, அழுவாத. நீ மூக்கு உறிஞ்சறது கொழாத் தண்ணிக்கு மேல கேக்குது."

7

பதில் சொல்ல இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, சுமதியின் போனுக்கே தனம் வீடியோவில் வந்துவிட்டாள். போனை மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"என்னாடி சுமதி, எளைச்சிப் போயிட்ட. ரெண்டு வேலையும் வந்துடுச்சாமே? உங்கம்மா கட்டச் சொன்ன பிராது வீண் போவுல பாரு!"

சுமதி கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தாள். "என்னா பிராது, சித்தி?"

தனத்தின் வாய் திறந்தபடி நின்றது. "அது வந்து... இரு, இங்க கரண்டு போயிடுச்சு," என்று போனை வைத்துவிட்டாள். அவள் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையைத் தூக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்ததும் சுமதி சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி.

"எம்மேலயே கேஸு போட்டியா நீ? அதுவும் சித்தியை வக்கீலா வச்சு?"

"நீ பெரியதுக்கே போ, சுமதி. என்னை ஊருக்கு அனுப்பிடு. தனத்து வூட்டுல இருந்துக்கறேன். பாண்டிக்குப் போவச் சொல்லி ஒரு தடவ ஒன் வாழ்க்கையக் கெடுத்தது போதும்."

அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அத இன்னுமா வச்சிருக்க?"

"வச்சிருக்கேன்."

எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். எனக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம்மா, நான் சின்னதுக்குத்தான் போவப் போறேன். நேத்தே முடிவு பண்ணிட்டேன். உனக்காக இல்ல. இருபது வருஷமா ராத்திரி முழிச்சிட்டேன். இன்சார்ஜுன்னு ஒரு பட்டையைச் சட்டையில குத்திக்கிட்டு இன்னும் பத்து வருஷம் முழிக்க எனக்கு ஒடம்புல தெம்பு இல்ல. எனக்குத் தூங்கணும். அவ்ளோதான்."

"நெஜமா?"

"நெஜமா."

"அப்ப அந்தக் காகிதத்த ஏன் மடிச்சு மடிச்சுப் படிச்ச?"

"கூப்பிட்டாங்க இல்ல. அது போதும்னு படிச்சேன்."

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஊசி போடும் முன் வலிக்காது என்று சொல்லிப் பழகிய வாய் அது. அவள் சொல்வதில் எது எனக்காகச் சொல்வது, எது உண்மை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் கேட்டாள். "சரி, அந்தப் பிராதுல என்னா எழுதச் சொன்ன?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வரி கூட வரவில்லை. தனத்திடம் பேசியது, குழாயைத் திறந்து விட்டது எல்லாம் நினைவிருக்கிறது. அவள் எழுதிக்கொள்வதற்காக நான் வார்த்தை வார்த்தையாகச் சொன்னேனே, அது மட்டும் இல்லை.

"ஞாபகம் இல்ல," என்றேன்.

சுமதி என்னைப் பார்த்தாள். மகள் பார்க்கிற பார்வை இல்லை அது, நர்ஸ் பார்க்கிற பார்வை. "பரவால்ல, வுடு," என்று சொல்லிவிட்டு இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

8

இப்போது அவள் சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள். காலையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறாள். அவள் அங்கே சேர்ந்த முதல் ஞாயிறு பதினோரு மணி வரைக்கும் தூங்கினாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சின்னப் பிள்ளையில் அப்படித்தான் தூங்குவாள். எழுப்ப மனசு வராமல் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அவள் சொன்னதை நம்பினேன். மறு நாள் விசாத் தாள்கள் வைக்கிற ஃபைலை ஏதோ தேடித் திறந்தபோது, பெரிய ஆஸ்பத்திரிக் கடிதம் பாஸ்போர்ட்டுக்கு அடியில் மடித்தபடி இருந்தது. அன்றைக்கு நம்பவில்லை. இப்படியே ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுகிறது. களைப்பாக இருக்கிறது.

தொண்ணூறு நாள் முடிந்துவிட்டது, ராஜினாமா செய்யாமல் வைத்திருக்கக் கூடாது என்று தனம் தினமும் சொல்கிறாள். என்னால் அவ்வளவு தூரம் வர முடியாது.

ஆகையால் பத்திரிகைக்காரர்களும் ஊர்க்காரர்களும் இதைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். வருடக் கணக்கு, கோயில் முறை எல்லாம் நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திப் போடுங்கள். எனக்குப் பதிலாகத் தனம் ராஜினாமா செய்தால் செல்லுமா என்று தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். இன்னும் ஒன்று. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, அந்தப் பிராது இன்னும் அங்கே இருந்தால், பிரித்துப் பார்ப்பது குற்றம் இல்லை என்றால், பார்த்துச் சொல்லுங்கள். பச்சை மையில் எழுதியிருக்கும். தனத்தின் எழுத்து இடது பக்கம் சாய்ந்திருக்கும். அதில் என் மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேனா, என்னைத் தனியாக விடக்கூடாது என்று கேட்டிருக்கிறேனா, அது மட்டும் தெரிந்தால் போதும். தனத்தைக் கேட்டால், மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன் என்கிறாள். அவள் என் தங்கை. அப்படித்தான் சொல்வாள்.